பத்தடி வெளிச்சம்

 

உங்கள் வீட்டு இரும்பு அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை துழாவிப் பாருங்கள். காலாவதியான பாஸ்போர்ட்டுகளுக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே, வார் அறுந்துபோன கறுப்புப் பிளாஸ்டிக் காமிரா ஒன்று அகப்படக்கூடும். 1980-களிலும் 90-களிலும் வளைகுடா நாடுகளுக்குச் சபர் போன நம் சகோதரர்கள், விடுமுறையில் ஊர் திரும்பும்போது அத்தர் குப்பி, கம்பளிப் போர்வை, டேப் ரிக்கார்டர் ஆகியவற்றோடு ஆசையாய்க் கொண்டுவந்த பொருள் அது. எங்கள் வீட்டில் இருப்பது யாஷிகா எம்.எஃப். 2 சூப்பர். மர்ஹூம் வாப்பா அவர்கள் 1988-ஆம் ஆண்டு ஜித்தாவிலிருந்து வாங்கி வந்தது.

அந்தக் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எளாவூருக்கும் பழவேற்காடு ஏரிக்கரைக்கும் நான் சென்று வந்ததைப் பற்றியும், அந்தப் பயணத்தில் நான் இழைத்த ஒரு தவற்றைப் பற்றியும் உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எளிய கருவி

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். அதில் தூரம் பார்த்துத் திருப்ப வேண்டிய வளையம் ஏதுமில்லை. 38 மில்லிமீட்டர் லென்ஸ் ஒரே நிலையில் பொருத்தப்பட்டிருக்கும். திரை திறந்து மூடும் நேரமும் ஒன்றே: 125-இல் ஒரு பங்கு வினாடி. பிலிமைக் கட்டைவிரலால் உருட்டி நகர்த்த வேண்டும். வெயிலில் எடுத்தால் படம் விழும். நிழலிலோ வீட்டுக்குள்ளோ எடுக்க வேண்டுமானால் பிளாஷ் விளக்கின் விசையைத் தள்ள வேண்டும். உடனே உள்ளிருந்து கொசு ரீங்கரிப்பது போல ஒரு மெல்லிய ஓசை எழும். இரண்டு பென்சில் பாட்டரிகளின் 3 வோல்ட் மின்சாரம் ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்தப்பட்டு, மின்தேக்கி ஒன்றில் நிரம்பும் ஓசை அது. நிரம்பியதும் சின்னஞ்சிறு விளக்கொன்று எரியும். பொத்தானை அழுத்தினால், அத்தனை மின்சாரமும் செனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாயினுள் பாய்ந்து, ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குப் பகலைப் போன்ற வெளிச்சத்தைக் கொட்டிவிட்டு மறையும்.

இந்த மின்னல் விளக்கை 1930-களில் செம்மைப்படுத்தியவர் ஹரால்ட் எட்ஜர்ட்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அதைச் சிறிய காமிராவின் உடலுக்குள்ளேயே அடக்கி 1975-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் கோனிகா நிறுவனம். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடிப்படையான உண்மையை, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த நம் அறிஞர் இப்னுல் ஹைதம் ஆராய்ந்துவிட்டார். இருண்ட அறையின் சுவரில் சிறு துளையிட்டு, அதன் வழியே புகும் ஒளி எதிர்ச்சுவரில் கிரகணச் சூரியனைப் பிறை வடிவில் வரைவதை அவர் விளக்கி எழுதினார். காமிரா என்பது இன்றளவும் ஓர் இருண்ட அறைதான். சுவருக்குப் பதிலாக உள்ளே பிலிம் இருந்தது, அவ்வளவே.

உருவப்படம் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். எகிப்து நாட்டு இராணுவப் பொறியாளர் முஹம்மது சாதிக் பே 1861-இல் மதீனா முனவ்வராவையும், 1880-இல் மக்கா முகர்ரமாவையும் முதன்முதலாகப் படமெடுத்தார். அக்காலந்தொட்டு அந்த விவாதமும் நடந்தே வருகிறது. எங்கள் வீட்டு வழக்கம் இதுதான்: படங்கள் ஆல்பத்துக்குள் இருக்கும், தொழும் அறையின் சுவரில் மாட்டப்படா. வீண் செலவாகவும் படமெடுக்கலாகாது. ஒரு சுருளில் 36 படங்கள். அவற்றைக் கழுவிப் பிரிண்ட் போடும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு அது விளையாட்டல்ல.

வாப்பா காமிராவை என் கையில் கொடுத்தபோது ஒரே ஒரு பாடம்தான் சொல்லித் தந்தார்கள்: "இதன் வெளிச்சம் பத்தடிதான் போகும். ஆளைக் கிட்டே கூப்பிட்டு நிறுத்து."

அது விஞ்ஞானம். விளக்கிலிருந்து 10 அடியில் நிற்பவர் மேல் விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் 20 அடியில் நிற்பவருக்குக் கிடைக்கும். 30 அடியிலோ ஒன்பதில் ஒரு பங்கு. நம் கண்ணுக்கு எல்லாரும் தெரிவார்கள். பிலிமுக்கு முன்னால் நிற்பவர்கள் மட்டுமே தெரிவார்கள். நான் கற்ற பாடம் இது. கற்றும் மறந்தேன்.

எளாவூர் வழி

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப் பாதையில், கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம் எளாவூர். அதற்கடுத்து ஆரம்பாக்கம், அதற்கப்பால் தடா, ஆந்திர எல்லை. தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையிட்டு நிற்கும் எளாவூர் சோதனைச் சாவடியைப் பலர் அறிவர். அந்த வரிசையைத் தாண்டிக் கிழக்கே போனால் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. சுண்ணாம்புகுளம் செல்லும் அந்தச் சாலையில், வயல்கள் மெல்ல மெல்ல உவர் நிலமாக மாறும். பனைகள் நெருங்கி நின்று, பின் விலகும். காற்றில் உப்பும் சேறும் கலந்த வாடை வரும். சட்டென்று கண்ணெதிரே வானம் இறங்கித் தரையில் படுத்தது போலப் பழவேற்காடு ஏரி விரியும்.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி நம் தமிழகத்தில். இத்தனை பரப்பிருந்தும் பெரும்பாலான இடங்களில் ஆழம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. அதனால் படகைத் துடுப்பால் செலுத்துவதைவிட, நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவதே வழக்கம். ஆரணியாறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரம் வழியே கடல் உப்பைக் கொணர, இரண்டும் கலந்த நீரில் இறாலும் நண்டும் மடவை மீனும் பெருகுகின்றன.

இங்குள்ள மீனவர்களிடையே 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொண்டு, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறைவைத்துத் தொழில் செய்வார்கள். வலியவன் நல்ல இடத்தை வளைத்துக்கொள்ளாதபடி முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு. பங்கீட்டில் நீதியைப் பேணும் அந்த வழக்கத்தைக் கேட்டபோது என் உள்ளம் மகிழ்ந்தது.

முப்பத்தைந்து படங்கள்

நான் சென்றது 1996-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ரமலான் பிறைக்கு இன்னும் பத்து நாட்கள் இருந்தன. எளாவூர் அப்போது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது, அடுத்த ஆண்டுதான் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது.

முதல் நாள் முழுவதையும், ஏரிக்குத் தன் பெயரை ஈந்த பழவேற்காட்டில் செலவிட்டேன். நம் சமுதாயத்தின் பழம்பெரும் குடியிருப்புகளுள் ஒன்று அது. அரபுத் தமிழ் ஏடுகளைப் பேணிய குடும்பங்கள் வாழ்ந்த ஊர். ஓலைப் பெட்டி முடையும் நம் பெண்மணிகளின் கைத்திறனுக்கும் பெயர் பெற்றது. அவ்வூரில் நெய்த துணிகள் ஒருகாலத்தில் மலாக்கா வரை கப்பலேறின. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிகாட்' என்றே பெயர். பெலிகாட் என்பது பழவேற்காடுதான். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினர். இன்று எஞ்சியிருப்பவை இடிபாடும் அகழியும், வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் கல்லறைத் தோட்டமும். பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு இவற்றையெல்லாம் படமெடுத்தேன். அதற்கே பாதிச் சுருள் தீர்ந்தது.

மறுநாள் எளாவூரில் இரயிலிறங்கி, ஏரியின் மேற்குக் கரையிலுள்ள ஒரு மீனவக் குப்பத்துக்குச் சென்றேன். பெரியவர் ஒருவர் தம் நாட்டுப் படகில் என்னை ஏற்றிக்கொண்டார். அவருக்கு அறுபது வயதிருக்கலாம். கழியூன்றித் தள்ளும்போது அவருடைய தோள் எலும்புகள் ஏறி இறங்கியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. தொலைவில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. கிட்டே போனால் பறந்துவிடும் என்று அவர் தடுத்தும் கேளாமல், பத்துப் படங்கள் எடுத்தேன்.

கிழக்கே ஒரு நீண்ட கோடாய்த் தெரிந்தது ஸ்ரீஹரிகோட்டா. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி. 3 ராக்கெட் வெற்றியுடன் புறப்பட்டது அங்கிருந்துதான். அந்தத் திட்டத்தின் இயக்குநர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், இராமேசுவரத்துப் படகுக்காரர் ஒருவரின் மகன். இதைச் சொன்னதும் பெரியவர் கழியை ஒரு கணம் நிறுத்தினார். "ராக்கெட் போறன்னிக்கு வானம் பூரா வெளிச்சமாயிடும் பாய். அன்னிக்கு எங்களுக்குத் தொழில் இல்ல" என்றார். பாராட்டா, குறையா என்று விளங்கவில்லை. அந்தக் கோட்டையும் இரண்டு படங்கள் எடுத்தேன்.

கரை திரும்பும்போது 35 படங்கள் முடிந்திருந்தன. படகு ஓட்டியவரை ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

முப்பத்தாறாவது படம்

பெரியவரின் வீட்டு வாசலில் எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். அவருடைய மனைவி முற்றத்தில் அமர்ந்து இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும். சூரியன் மறைந்துவிட்டது. என் தோளில் தொங்கிய காமிராவையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, சற்றுத் தயங்கி, "எங்கள ஒண்ணு எடு பாய்" என்றார். வாக்காளர் அட்டைக்காக எடுத்த படம் தவிர அவருக்கு வேறு படம் கிடையாது. தேர்தல் ஆணையம் 1993-இல் புகைப்பட அடையாள அட்டையை அறிவித்த பின்னரே, இத்தகைய குப்பங்களில் பலருடைய முகம் முதன்முதலாகக் காகிதத்தில் பதிந்தது. பெரியவருக்கு அதுவும் இல்லை. அதிகாரிகள் வந்த நாளில் அவர் ஏரியில் இருந்தார்.

பிளாஷ் விசையைத் தள்ளினேன். ரீங்காரம் எழுந்தது. எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். பெரியவர் அவர்களுக்குப் பின்னால், ஏறத்தாழ முப்பது அடி தள்ளிப் படகருகில் வலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அவரும் வரட்டும்" என்றார் அம்மா.

"கை கழுவிக்கினு வரேன்" என்று குரல் கொடுத்தார் பெரியவர்.

எனக்கு இரயிலின் நினைவு. எளாவூருக்குப் போய்ச் சேர வண்டி பிடிக்க வேண்டும். மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. நான் சொன்னேன்: "அங்கேயே நில்லுங்கள் ஐயா, படத்தில் விழுந்துவிடுவீர்கள்."

அவர் நின்றார். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, ஒரு பள்ளிப் பிள்ளையைப் போல நேராக நின்றார். பொத்தானை அழுத்தினேன். குழந்தைகள் கூவிச் சிரித்தார்கள். நோன்பு முடிந்து எங்கள் பெருநாள் வருவதற்குள் படம் உங்கள் கையில் இருக்கும் என்று வாக்களித்துவிட்டுப் புறப்பட்டேன்.

ஒன்பது ஆண்டுகள்

வாசகர்களே, அந்தப் பெருநாள் வந்து போயிற்று. பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். கோட்டைப் படங்கள் நன்றாக இருந்தன. பூநாரைகள் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்திருந்தன. கடைசிப் படத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, தனி உறையிலிட்டு முகவரி எழுத எடுத்து வைத்தேன். குப்பத்துக்குத் தபால் போகுமா என்று ஒரு யோசனை. நேரில் போய்க் கொடுக்கலாமே என்று இன்னொரு யோசனை. பிறகு வேலை, பிறகு தங்கையின் நிக்காஹ், பிறகு வாப்பாவின் நோய். உறை அலமாரிக்குள் போயிற்று. கொடுத்த வாக்கைப் பற்றி நாளை மறுமையில் கேள்வி உண்டு என்று சிறு வயதிலேயே மதரஸாவில் ஓதியவன் நான். ஒரு போட்டோவும் அந்த வாக்கில் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. பழவேற்காட்டு முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்கள் தாக்கப்பட்ட செய்தியைப் படித்தபோது, அந்த உறை என் நெஞ்சில் வந்து மோதியது. அடுத்த மாதம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம், அதை எடுத்துக்கொண்டு எளாவூரில் இறங்கினேன்.

அல்ஹம்துலில்லாஹ், மேற்குக் கரையிலிருந்த அந்தக் குப்பம் தப்பியிருந்தது. அம்மா இருந்தார். மருமகள் இருந்தார். பேரப்பிள்ளைகள் மீசை அரும்பும் வயதுக்கு வந்திருந்தார்கள். பெரியவர் இல்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உறையைப் பிரித்துக் கொடுத்தேன். முன்னால் நால்வரும் பளிச்சென்று இருந்தார்கள். லென்ஸுக்கு மிக அருகே பிளாஷ் இருக்கும் காமிராக்களில் நேர்வதுபோல் கண்மணிகள் சிவந்திருந்தன. இறாலின் மீசைகூடத் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் வெறும் இருள். படகு இல்லை, ஏரி இல்லை, பெரியவர் இல்லை.

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்து, "இங்கதான நின்னாரு" என்றார்.

வாப்பா சொன்ன ஒரே ஒரு பாடம் அப்போது என் காதில் ஒலித்தது. இருபதடி முன்னால் வரச் சொல்லியிருந்தால் போதும். அவர் கை கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்தால் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம்பிடித்து நான் எதை வாங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மகன், "வந்து குடுத்தீங்களே பாய்" என்றார். புறப்படும்போது ஒரு ஓலைப் பெட்டி நிறைய இறால் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டி அன்று கனத்ததைப் போல எதுவும் என் கையில் கனத்ததில்லை.

நல்லவேளையாக நெகட்டிவ் என்னிடம் பத்திரமாக இருந்தது. சில ஆண்டுகள் கழித்து, அதை ஸ்கேன் செய்து கணினியில் வெளிச்சம் கூட்டித் தரும் ஸ்டூடியோ ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கண்ணுக்குத் தெரியாத சிறிது ஒளி பிலிமில் தங்கியிருந்தது. இருளுக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறப் பட்டை மேலெழும்பி வந்தது: அவருடைய தோள் துண்டு. அதற்குக் கீழே, தொங்கவிட்ட கைகளின் மங்கிய சாயல். முகம் வரவில்லை. அதைப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்தது. எங்களுக்குத்தான் முகம் வேண்டியிருக்கிறது. அவருக்கு அந்தத் துண்டு போதுமாயிருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

நான் ஏரிக்கரைக்குத் திரும்பிய அதே 2005-இல், யாஷிகாவைத் தயாரித்து வந்த கியோசெரா நிறுவனம் காமிராத் தொழிலை விட்டுவிட்டது. இன்று நம் கைப்பேசிகள் இருட்டிலும் படமெடுக்கின்றன. 36 என்ற கணக்கும் இல்லை. ஆனாலும் இரண்டு செய்திகள் மாறவில்லை. நாம் எடுக்கும் படங்களில் யார் இருக்கிறார்களோ, அவர்களுக்கு அவற்றைக் கொடுப்பதில்லை. நம்மைப் படகில் ஏற்றிச் செல்பவரையும், பந்திக்குச் சமைத்தவரையும், கதவோரம் ஒதுங்கி நிற்கும் மாமியையும் நாம் கிட்டே அழைப்பதுமில்லை.

ஆகவே அலமாரியிலுள்ள அந்த உறைகளை இந்த வாரமே வெளியே எடுங்கள். நெகட்டிவ் சுருள்களின் ஓரத்தைப் பிடியுங்கள். படமுள்ள பரப்பில் விரல் படவேண்டாம். ஈரமில்லாத, வெப்பமில்லாத இடத்தில், ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்றையும் போட்டு வையுங்கள். பழைய ஆல்பங்களின் பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்த்தெடுக்க வேண்டாம். நெகட்டிவ் இருந்தால் அதிலிருந்தே புதிதாகப் பிரிண்ட் போடலாம். பிறகு, அவற்றில் இருப்பவர் யாரென்று பாருங்கள். உயிரோடிருப்பவர்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மறைந்தவர்களின் பிள்ளைகளைத் தேடிக் கொடுங்கள். அது அவர்களுடைய அமானிதம்; நம் வீட்டில் தங்கிவிட்டது, அவ்வளவே.

எளாவூர் நிலையத்தில் இறங்கி ஏரிக்கரைக்குப் போக உங்களுக்கு வாய்த்தால், மழைக்காலம் முடிந்த குளிர்மாதங்களில் போங்கள். பூநாரைகளைப் பாருங்கள். கழியூன்றுபவரின் பெயரைக் கேளுங்கள். படமெடுப்பதானால் அவர் கை கழுவிவிட்டு வரும்வரை காத்திருங்கள்.

கொடுத்த வாக்கை உரிய காலத்தில் நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.